கிங் ஜோடி கையில், ஏஸ் மேசையில்

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது, அதனால் விஷயத்தை மட்டும் எடுத்துப் போடுகிறேன்.

"அண்ணே, வணக்கம். மூன்று வருடமாக போக்கர் டோர்னமென்ட் ஆடுகிறேன். போன மாதம் லீவு போட்டு மணிலாவுக்குப் போய் ஒரு போட்டியில் உட்கார்ந்தேன். சின்ன ஜோடி வந்தால் எனக்குப் பிரச்சினை இல்லை, பெரிய ஜோடி வந்தால்தான் கை நடுங்குகிறது. முதல் கை: பிளைண்ட் (சீட்டு பிரிக்கும் முன்பே இருவர் கட்டாயமாகப் போடும் சிப்ஸ்) 1,000/2,000, என்னிடம் 62,000. கட்-ஆஃபில் (கடைசியாக ஆடும் பட்டன் இருக்கைக்கு முந்தைய இடம்) கிங் ஜோடி, 4,500 ரெய்ஸ் பண்ணினேன் (தொகையை ஏற்றினேன்), பெரிய பிளைண்ட் போட்டவர், அதாவது பிக் பிளைண்ட், மட்டும் வந்தார். ஃபிளாப் (எல்லோருக்கும் பொதுவாக மேசையில் திறக்கும் முதல் மூன்று சீட்டு) ஏஸ்-7-2, மூன்றும் வேறு வேறு சூட். அவர் செக் (எதுவும் போடாமல் விடுவது), நானும் பயந்து செக். டர்ன் (நாலாவது பொதுச் சீட்டு) 9. அவர் 6,000 போட்டார். ஏஸ்தான் என்று நினைத்து ஃபோல்ட் பண்ணினேன் (சீட்டைக் கீழே போட்டேன்). அவர் ஒரு 7-ஐக் காட்டிவிட்டு சிப்ஸை இழுத்துக்கொண்டார்.

இனிமேல் பயப்படக் கூடாது என்று அப்போதே முடிவு பண்ணினேன். ஒன்றரை மணி நேரம் கழித்து, பிளைண்ட் 1,500/3,000, 57 பேர் மிச்சம், 54 பேருக்குப் பணம். என்னிடம் 96,000. குயின் ஜோடி, ஒன்று இஸ்பேட், ஒன்று டைமன். 7,000 ரெய்ஸ். என்னைவிட இரண்டு மடங்கு சிப்ஸ் வைத்திருந்த பட்டனும், பிக் பிளைண்டும் கால் பண்ணினார்கள் (அதே தொகையைப் போட்டு வந்தார்கள்). ஃபிளாப் ஆட்டின் 9, ஆட்டின் 8, கிளாவர் 7. பிக் பிளைண்ட் செக், நான் 17,000 போட்டேன், பட்டன் 45,000 ஆக்கினார், பிக் பிளைண்ட் கீழே போட்டுவிட்டார். நான் யோசிக்காமல் ஆல்-இன் (மிச்சச் சிப்ஸ் எல்லாம்). பட்டன் இஸ்பேட் 9-8-ஐத் திருப்பினார். கதை முடிந்தது. முதல் கையில் பயந்தது தப்பா, இரண்டாவது கையில் பயப்படாதது தப்பா? ஏஸ் ஜோடி வந்தால் மெதுவாக ஆடுவது நல்லதா?"

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை ஒன்றைத் தேடிக்கொண்டே படித்தேன், அது கிடைக்கவில்லை. பிளைண்ட் எவ்வளவு, உங்களிடம் எவ்வளவு, எந்தச் சீட்டு எந்த சூட், எல்லாம் அச்சுப் பிசகாமல் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அந்த பிக் பிளைண்டில் இருந்தவர் எப்படி ஆடுகிறவர், பட்டனில் இருந்தவர் அதுவரை எத்தனை கைக்கு வந்தார், எத்தனை தடவை ரெய்ஸ் பண்ணினார், அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. முதல் கையில் ஏஸை மட்டும் பார்த்தீர்கள். இரண்டாவது கையில் உங்கள் இரண்டு குயினை மட்டும் பார்த்தீர்கள். எதிரே உட்கார்ந்திருந்த ஆளை இரண்டு தடவையும் பார்க்கவில்லை. பயம், தைரியம் என்று நீங்கள் பிரித்துக் கேட்கிறீர்கள், எனக்கு இரண்டும் ஒரே தப்பாகத்தான் தெரிகிறது.

ஃபிளாப் விழுந்த உடனே மனதுக்குள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இது யாருக்கு விழுந்த ஃபிளாப்? நான் இந்த ஆட்டத்தில் சம்பாதிக்க ஆரம்பித்ததே இந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிய பிறகுதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் கையை எடுத்துக்கொள்வோம். ஏஸ்-7-2. கட்-ஆஃபிலிருந்து ரெய்ஸ் பண்ணியவர் நீங்கள். ஏஸ் ஜோடி, ஏஸ்-கிங், ஏஸ்-குயின் எல்லாம் உங்களிடம் இருக்கலாம் என்று மேசையில் எல்லோருக்கும் தெரியும். பிக் பிளைண்டுக்கு ஏஸ்-கிங்கோ ஏஸ் ஜோடியோ வந்திருந்தால் பெரும்பாலும் ஃபிளாப்புக்கு முன்பே உங்களைத் திருப்பி ரெய்ஸ் பண்ணியிருப்பார். சும்மா கால் பண்ணி வந்தவர் என்றால் அவரிடம் நடுத்தரமான, கலவையான கைகள்தான் அதிகம். ஆக ஏஸ் உயரத்தில் விழுந்த காய்ந்த (வரிசையும் சேராத, ஒரே சூட்டும் சேராத) ஃபிளாப் உங்களுக்கு விழுந்த ஃபிளாப். உங்கள் கையில் உண்மையில் ஏஸ் இல்லை என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும், அவருக்குத் தெரியாது.

கணக்கையும் பார்த்துவிடலாம். கிங் ஜோடி பிடித்திருக்கும்போது ஃபிளாப்பில் குறைந்தது ஒரு ஏஸாவது வருவதற்கு வாய்ப்பு ஏறத்தாழ 23%. கிட்டத்தட்ட நாலு தடவைக்கு ஒரு தடவை. குயின் ஜோடி என்றால் ஏஸோ கிங்கோ வர 41%, ஜாக் ஜோடி என்றால் அதைவிடப் பெரிய சீட்டு ஒன்று வர 57%. பெரிய சீட்டு விழுந்த ஒவ்வொரு தடவையும் கீழே போடுவதாக இருந்தால், ஜாக் ஜோடியை நீங்கள் ஆடவே வேண்டாம். சரி, ஏஸ் விழுந்துவிட்டது, அது அவரிடம் இருக்கிறதா? கட்டில் மிச்சம் மூன்று ஏஸ். உங்களுக்குத் தெரியாத 47 சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு இரண்டை எடுத்தால் அதில் ஏஸ் இருக்க வாய்ப்பு 12.5%, எட்டில் ஒன்று. அவர் கண்ணை மூடிக்கொண்டு கால் பண்ணவில்லை, பொறுக்கித்தான் பண்ணினார், அதனால் அது கூடும். ஏஸ்-ஜாக்கிலிருந்து ஏஸ்-2 வரைக்கும் எல்லாவற்றையும் கால் பண்ணுகிறவர் என்றே வைத்துக்கொண்டு எண்ணினாலும், தளர்வாக வருகிற பிக் பிளைண்டின் மொத்தக் கைகளில் அது ஏறத்தாழ கால் பங்குதான் வருகிறது. முக்கால் பங்கு நேரம் அவரிடம் ஏஸ் கிடையாது.

இப்போது நீங்கள் எதிர்பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன். ஃபிளாப்பில் நீங்கள் செக் பண்ணியது தப்பே இல்லை. பயந்து பண்ணினீர்கள், காரணம்தான் தப்பு, காரியம் சரி. நான் அந்த இடத்தில் சில நேரம் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 4,000 போடுவேன், சில நேரம் செக் பண்ணுவேன். ஏன் செக் பண்ணலாம் என்றால், உங்கள் கிங்கைத் தாண்டக் கூடிய சீட்டு ஏஸ் ஒன்றுதான், இலவசமாக ஒரு சீட்டு காட்டுவதால் பெரிய நஷ்டம் கிடையாது. அதே இடத்தில் 8 ஜோடி இருந்தால் நான் செக் பண்ண மாட்டேன், அடுத்து 9, 10, ஜாக், குயின், கிங் எது விழுந்தாலும் எதிராளிக்கு ஜோடி சேர்ந்துவிடலாம், அதனால் சின்னதாகப் போட்டு அவரை அங்கேயே அனுப்பிவிடுவது நல்லது. பெரிய ஜோடிக்கு அந்த அவசரம் இல்லை.

தப்பு நடந்தது டர்னில். பாட்டில், அதாவது நடுவே சேர்ந்த சிப்ஸில், அப்போது 12,000 இருந்தது: உங்கள் 4,500, அவர் 4,500, சின்ன பிளைண்ட் 1,000, ஆன்டே (பிளைண்டுக்கு மேல் ஆரம்பத்திலேயே போடும் சிப்ஸ்) 2,000. அவர் 6,000 போட்டார். நீங்கள் 6,000 கொடுத்தால் கிடைப்பது 18,000. நாலு தடவையில் ஒரு தடவை ஜெயித்தால் போதும், கை கடிக்காது. இதில் இன்னொரு விஷயம், ஃபிளாப்பில் நீங்கள் செக் பண்ணியதே "என்னிடம் ஏஸ் இல்லை" என்று சொன்ன மாதிரி. அதைக் கேட்டுவிட்டுத்தான் அவர் போட்டார். 7 வைத்திருப்பவரும் போடுவார், 9 வைத்திருப்பவரும் போடுவார், ஒன்றுமே இல்லாதவரும் போடுவார். அவர்கள் எல்லோரையும் உங்கள் கிங் ஜோடி ஜெயிக்கும். அங்கே கால் பண்ணிவிட்டு ரிவரை (கடைசிப் பொதுச் சீட்டை) பார்க்க வேண்டும். ரிவரிலும் பாட் அளவுக்குப் பெரிதாகப் போட்டால் அப்போது உட்கார்ந்து யோசியுங்கள், இரண்டு தடவை தொடர்ந்து பெரிதாகப் புளுகுகிற ஆட்கள் நம் பக்கத்து மேசைகளில் குறைவு, அந்த நேரத்தில் கீழே போட்டால் நான் குறை சொல்ல மாட்டேன். முதல் அடிக்கே ஓடினால்தான் மனசு கேட்கவில்லை.

(ஒருவர் மட்டும் வந்திருந்ததால்தான் இவ்வளவு தைரியமாகச் சொல்கிறேன். மூன்று பேர் கால் பண்ணி வந்திருந்தால் அந்த ஏஸ் யாராவது ஒருவரிடம் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு சீக்கிரமே விலகியிருப்பேன்.)

அப்புறம் இரண்டாவது கை. இதைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டும், ஏனென்றால் உங்களை மணிலாவிலிருந்து அனுப்பி வைத்தது இதுதான், அதோடு இது அந்த ஃபிளாப்பில் ஆரம்பிக்கவில்லை, ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால் அவர் 7-ஐக் காட்டினாரே, அப்போதே ஆரம்பித்துவிட்டது.

9-8-7, அதில் இரண்டு ஆட்டின். யாருக்கு விழுந்த ஃபிளாப்? உங்கள் பக்கம் ஏஸ் ஜோடி, கிங் ஜோடி, ஏஸ்-கிங், ஏஸ்-குயின் மாதிரி பெரிய சீட்டுகள். 9, 8, 7 உங்கள் பக்கம் குறைவு. பட்டனில் கால் பண்ணுகிறவரிடம் 9 ஜோடி, 8 ஜோடி, 7 ஜோடி, ஒரே சூட்டில் ஜாக்-10, 9-8, 8-7, 6-5 என்று வரிசைச் சீட்டுகள்தான் குவிந்திருக்கும். இது கால் பண்ணியவர்களுக்கு விழுந்த ஃபிளாப், அதுவும் இரண்டு பேருக்கு. மேசையில் ஏஸும் இல்லை, கிங்கும் இல்லை என்பதால் உங்கள் கண்ணுக்கு இது பயம் தராத ஃபிளாப்பாகத் தெரிந்திருக்கிறது. என்னைக் கேட்டால் ஏஸ்-7-2-ஐவிட இது பத்து மடங்கு ஆபத்து.

எண்ணிப் பார்ப்போம். 9, 8, 7 மூன்றில் எந்த ஜோடி இருந்தாலும் அவருக்கு செட் (ஒரே எண்ணில் மூன்று). மேசையில் ஒன்று போக மிச்சம் மூன்று சீட்டில் இரண்டை எடுக்க மூன்று வழி, ஆக மொத்தம் 9. ஒரே சூட் ஜாக்-10 நாலு, 6-5 நாலு, ஆக ஸ்ட்ரெய்ட் (வரிசையாக ஐந்து சீட்டு) 8. ஒரே சூட்டில் இரட்டை ஜோடி: 9-8 மூன்று, 8-7 இரண்டு, 9-7 இரண்டு, ஆக 7. மொத்தம் 24 கைகள் உங்கள் குயினை ஏற்கெனவே ஜெயித்துவிட்டன. செட்டுக்கும் ஸ்ட்ரெய்ட்டுக்கும் எதிரே உங்களுக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. அவர் காட்டிய 9-8-க்கு எதிரே நாலில் ஒரு பங்கு. சரி, அவர் டிராவில் (இன்னும் ஒரு சீட்டு வந்தால்தான் சேரும் கையில்) இருந்திருந்தால்? ஆட்டின் ஏஸ்-கிங் என்று வையுங்கள். ஒன்பது ஆட்டின், மூன்று ஏஸ், மூன்று கிங், பதினைந்து சீட்டு அவருக்கு உதவும், இரண்டு சீட்டு இன்னும் வரப் போகிறது. அங்கேயும் ஏறத்தாழ பாதிக்குப் பாதிதான். நீங்கள் தெளிவாக முன்னால் இருப்பது 10 ஜோடி, ஜாக் ஜோடி, 10-9 மாதிரி சில கைகளுக்கு எதிரே மட்டும், அவர்களில் பெரும்பாலோர் அந்த இடத்தில் 45,000 ஆக்காமல் சும்மா கால் பண்ணியிருப்பார்கள்.

அவர் ரெய்ஸ் பண்ணியபோது பிக் பிளைண்ட் இன்னும் பின்னால் உட்கார்ந்திருந்தார் என்பதையும் பாருங்கள். முதலில் ரெய்ஸ் பண்ணியவர் நீங்கள், ஃபிளாப்பிலும் போட்டவர் நீங்கள், பின்னால் இன்னொருவர் வேறு இருக்கிறார், அதையெல்லாம் மீறி ஒருவர் மூன்று மடங்காக ஏற்றுகிறார் என்றால் பத்தில் ஏழெட்டுத் தடவை கை பலமாகத்தான் இருக்கும் என்பது என் அனுபவம். பபிள் நேரத்தில் (இன்னும் சிலர் போனால் பணம் என்கிற நேரத்தில்) பெரிய ஸ்டாக் (சிப்ஸ் குவியல்) வைத்துக்கொண்டு எல்லோரையும் மிரட்டுகிற ஆள் மேசைக்கு ஒருவர் இருப்பார், அது எனக்கும் தெரியும். அவர் அந்த மாதிரி ஆளா? ஒன்றரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உங்களுக்குத்தான் அது தெரிந்திருக்க வேண்டும்.

நான் அங்கே ஃபிளாப்பில் செக் பண்ணியிருப்பேன். பாட் 25,500, பின்னால் (கையில் மிச்சம்) 89,000. பட்டன் 12,000 போட்டால் கால் பண்ணியிருப்பேன், டர்னில் ஆட்டினோ 10, ஜாக், 6 எதுவோ விழுந்து அவர் மறுபடி பெரிதாகப் போட்டால் விட்டுவிடுவேன், 2-ஓ கிங்கோ விழுந்தால் தொடர்வேன். சரி, நீங்கள் 17,000 போட்டீர்கள், அதுவும் உலகம் அழிந்துபோகிற தப்பு இல்லை. 45,000 வந்தபோது கீழே போட்டிருந்தால் உங்களிடம் 72,000 இருந்திருக்கும். 24 பெரிய பிளைண்ட். இன்னும் மூன்று பேர் வெளியே போனால் பணம் என்கிற நேரத்தில் அது நல்ல ஸ்டாக், தம்பி.

டோர்னமென்டில் சிப்ஸ் எண்ணிக்கைக்கும் பணத்துக்கும் நேர்க்கணக்கு கிடையாது என்பதைப் பலர் காதில் கேட்டிருப்பார்கள், கையில் உணர்ந்திருக்க மாட்டார்கள், அதனால் ஒரு சின்னக் கணக்கு. மூன்று பேர் மிச்சம், மூவரிடமும் சமமான சிப்ஸ், பரிசு 5,000, 3,000, 2,000 ரிங்கிட். ஒவ்வொருவரின் பங்கும் இப்போது 3,333 ரிங்கிட் மதிப்பு. நீங்கள் ஆல்-இன் போய் ஒருவரை அனுப்பிவிட்டால் உங்களிடம் மூன்றில் இரண்டு பங்கு சிப்ஸ், அதன் மதிப்பு 4,333. சிப்ஸ் இரண்டு மடங்கு ஆனது, பணம் ஆயிரம்தான் கூடியது. தோற்றால் 2,000-தோடு எழுந்திருக்க வேண்டும், 1,333 போய்விட்டது. ஆயிரத்துக்காக 1,333-ஐப் பணயம் வைக்கிறீர்கள், 57% ஜெயித்தால்தான் கட்டும். பாதிக்குப் பாதி போதாது. பபிளிலும் இதே வலிதான், ஆனால் உங்களை மொத்தமாக அனுப்பக் கூடிய பெரிய ஸ்டாக்கோடு மோதும்போது. உங்கள் கையில் சிப்ஸ் கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தாலே, மிச்ச 72,000-ஐப் போட்டு மொத்தம் 2,03,500 பாட்டை எடுக்க 35% வேண்டும். பபிள் பாரத்தைச் சேர்த்தால் இன்னும் ஏறும். மேலே எண்ணிய 24 கைகளை வைத்துக்கொண்டு அந்த அளவைத் தொடுவது கஷ்டம்.

ஆனால் இதை வைத்து 9-8-7 விழுந்தால் எப்போதும் ஓட வேண்டும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அடுத்த தடவை வேறு பக்கம் சாய்ந்துவிடுவீர்கள். அதே பிளைண்டில் உங்களிடம் 36,000 மட்டும் இருந்து, 6,000 ரெய்ஸ் பண்ணி, பிக் பிளைண்ட் ஒருவர் மட்டும் வந்திருந்தால், பாட் 16,500, பின்னால் 30,000. பின்னால் இருப்பது பாட்டைப் போல இரண்டு மடங்கு கூட இல்லை. அங்கே குயின் ஜோடியோடு உள்ளே போய்விட வேண்டும், தோற்றால் தோற்றது. பின்னால் இருப்பது பாட்டைப் போல மூன்று நாலு மடங்கு என்று வரும்போதுதான் யோசனை தேவை, எட்டு பத்து மடங்கு என்றால் ஒற்றை ஜோடியை வைத்துப் பெரிய பாட் கட்டவே கூடாது. ஃபிளாப்பைப் பார்ப்பதற்கு முன்பே இந்த வகுத்தலைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், அப்போது நெஞ்சு படபடக்காது.

ஏஸ் ஜோடியை மெதுவாக ஆடலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். ஒரே ஒருவருக்கு எதிரே, அவரிடம் ஏதோ இரண்டு சீட்டு என்றால், ஏஸ் ஜோடி 85% ஜெயிக்கும். நாலு பேரை உள்ளே விட்டால் அது 56% பக்கம் இறங்கிவிடும். ரெய்ஸ் பண்ணுங்கள், முன்னால் யாராவது ரெய்ஸ் பண்ணியிருந்தால் திருப்பி ரெய்ஸ் பண்ணுங்கள், ஒருவரோ இருவரோ போதும். பயமுறுத்தும் ஃபிளாப்பில் பாதி, முன்பே நாம் கூட்டத்தைச் சேர்த்ததால் வருவதுதான்.

எனக்கு இது எப்படிப் புரிந்தது என்று சொல்கிறேன். ஏஸ் ஜோடி 221 கைக்கு ஒரு தடவை வரும். நேரில் ஆடும் மேசையில் மணிக்கு முப்பது கை ஓடினால் கூட ஏழு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். அவ்வளவு நேரம் காத்திருந்து வந்த விருந்தாளியை வாசலோடு அனுப்ப யாருக்கு மனசு வரும்? பல வருடத்துக்கு முன்னால் மக்காவோவில் ஒரு போட்டி, மத்தியானம் உட்கார்ந்தவனுக்கு ராத்திரிதான் ஏஸ் ஜோடி வந்தது. மூன்று பேர் கால் பண்ணினார்கள். ஃபிளாப் 10-9-8. எனக்கு வலப்பக்கம் ஒரு பெரியவர், ஃபிளாப் விழும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது சீட்டு விழுந்ததும் துடைப்பதை நிறுத்தினார். கண்ணாடியை மாட்டினார், மேசையை மறுபடி பார்க்கவில்லை, தன் சிப்ஸை ஒரே ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்து செக் என்று தட்டினார். நான் அதைப் பார்த்தேன், தம்பி. கண்ணால் பார்த்தேன். பார்த்த பிறகும் போட்டேன், அவர் ஏற்றினார், நான் முழுவதையும் தள்ளினேன், அவர் 7-6-ஐ வைத்தார். ராத்திரி தூக்கம் வரவில்லை, தோற்றதற்காக இல்லை, பார்த்ததை மதிக்காமல் போனதற்காக. அன்றிலிருந்து ஃபிளாப் விழும்போது நான் ஃபிளாப்பைப் பார்ப்பதில்லை. அது எங்கேயும் ஓடிப்போகாது. முதல் இரண்டு வினாடி எதிராளிகளின் முகத்தையும் கையையும் பார்க்கிறேன்.

மூன்றும் ஒரே சூட்டில் விழுவது சுமார் 5% தான், அடிக்கடி வராது. வந்தால், அந்த சூட்டின் ஏஸ் உங்கள் ஜோடியில் ஒன்றாக இருந்தால் தைரியமாகத் தொடரலாம், இரண்டில் ஒன்று கூட அந்த சூட் இல்லையென்றால் பாட்டைச் சின்னதாக வைத்துக்கொண்டு ஒரு தடவை கால் பண்ணிப் பார்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம். கிங்-கிங்-4 மாதிரி ஜோடியாக விழுந்தால் பார்க்கத்தான் பயமாக இருக்கும், கட்டில் மிச்சம் இரண்டே கிங். சின்னதாகப் போட்டுக்கொண்டே போகலாம்.

பயமே காட்டாத ஃபிளாப்பும் ஆளைக் கவிழ்க்கும் என்பதற்கு நான் எப்போதும் சொல்கிற உதாரணம் 2003 உலக போக்கர் தொடரின் (WSOP) முக்கியப் போட்டியின் கடைசிக் கை. 839 பேர் ஆடிய போட்டியில் கிறிஸ் மணிமேக்கரும் சாமி ஃபர்ஹாவும் மிச்சம். ஃபிளாப் ஜாக்-5-4. ஃபர்ஹாவிடம் ஜாக்-10, மேசையிலேயே பெரிய ஜோடி அவருடையது. மணிமேக்கரிடம் 5-4. எல்லாச் சிப்ஸும் நடுவே போனது, ரிவரில் இன்னொரு 5 வந்து ஃபுல் ஹவுஸ் (மூன்று 5, இரண்டு 4) ஆனது, 25 லட்சம் டாலர் மணிமேக்கருக்கு. இருவர் மட்டும் மிஞ்சிய நிலையில் அந்த ஃபிளாப்பில் ஃபர்ஹா ஆடியதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன், இருவர் ஆட்டத்தில் அது பலமான கை. ஒன்பது பேர் மேசையில் மூன்று பேர் வந்த பாட்டில் அதே ஒற்றை ஜோடிக்கு அந்த மதிப்பு கிடையாது. அதைத்தான் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன்.

பயிற்சிக்கு ஒன்று சொல்கிறேன், நான் இப்போதும் செய்வது. வியாழக்கிழமை ராத்திரி பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நாலு பேர் உட்காருவோம். கீழே மாமாக் கடையில் வாங்கிய தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்), ஒரு கட்டு சீட்டு, அவ்வளவுதான். ஒரு ஜோடியை, கிங் என்றால் கிங், திறந்து நடுவே வைப்போம். ஒருவர் பிக் பிளைண்ட், ஒருவர் பட்டன் என்று பெயர் சொல்லி, ஃபிளாப் மட்டும் போடுவோம். யாரும் பந்தயம் கட்டுவதில்லை. ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: இது யாருக்கு விழுந்தது, என்னை ஜெயிக்கும் கைகள் எத்தனை, பின்னால் இருப்பது பாட்டைப் போல எத்தனை மடங்கு. சொல்லி முடித்ததும் சீட்டை அள்ளி அடுத்த ஃபிளாப். ஒரு மணி நேரத்தில் அறுபது எழுபது ஃபிளாப் பார்த்துவிடலாம், அதில் பயப்பட வேண்டியது எது என்று வாய் தானாகச் சொல்லப் பழகிவிடும். இரண்டு மாதம் இப்படிச் செய்தால் மேசையில் உட்காரும்போது அந்தக் கேள்வி தானாகவே வரும்.

காசு வைக்காதீர்கள், அதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். நண்பர் வீடுதானே, சின்னத் தொகைதானே என்று ஆரம்பிப்பார்கள். 1953ஆம் ஆண்டு பொது சூதாட்ட மையச் சட்டம் இன்னமும் நடைமுறையில் இருக்கிறது, மலேசியாவில் உரிமம் உள்ள கேசினோ கெந்திங் மலையில் ஒன்றுதான். பயிற்சிக்குக் காசு தேவையே இல்லை. மணிலாவுக்கும் வாடகைக்கும் ஒரே பணப்பையிலிருந்து எடுக்கிறீர்களா என்பதும் உங்கள் கடிதத்தில் இல்லை, அப்படி எடுப்பதாக இருந்தால் அதை முதலில் பிரியுங்கள், வாடகைப் பணத்தோடு உட்கார்ந்தவருக்கு எந்த ஃபிளாப்பும் பயமாகத்தான் தெரியும்.

அடுத்த போட்டிக்குப் போய்விட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள். ஒரு பெரிய ஜோடி, ஒரு ஃபிளாப், அது போதும். உங்கள் சீட்டைக் கடைசி வரியில் எழுதுங்கள். எதிரே இருந்தவர் என்ன வயசு, எவ்வளவு சிப்ஸ், அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை உள்ளே வந்தார், ஃபிளாப் விழுந்ததும் எதைப் பார்த்தார், அதிலிருந்து ஆரம்பியுங்கள்.